இடப்பக்கம் ஓர் அங்குலம்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அபிநயாவின் முதுகெலும்பு பக்கவாட்டில் இருபத்து மூன்று டிகிரி வளைந்திருக்கிறது. நேற்று வேலூரில் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்பு மருத்துவர் சொன்னது இது. எழுத்திலும் வாங்கியிருக்கிறேன். ஸ்கோலியோசிஸ் என்று பெயர்.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். சர்க்கரை எப்படி இருக்கிறது? காது மெஷினுக்கு பேட்டரி மாற்றினாயா?

உனக்கு ஃபோனில் பேச்சு கேட்காது. மெசேஜ் அனுப்பலாமென்றால் இந்த வீட்டு ஃபோன்கள் இரண்டும் அபி கையில்தான் இருக்கின்றன. எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். அதனால்தான் கடிதம். பன்னிரண்டு வயது மகளுக்கு எதை எப்போது சொல்வது என்று நானும் மணிமொழியும் இன்னும் முடிவு செய்யவில்லை.

பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி முன்னால் குனியச் சொல்லியிருக்கிறார்கள். அபி குனிந்தபோது வலப்பக்க முதுகு மேடாகத் தெரிந்ததாம். சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வேலூருக்குப் போனோம்.

"புத்தகப் பை ஜாஸ்தி வெயிட்டுங்க டாக்டர், அதனாலயா?" என்று மணிமொழி கேட்டாள்.

"பையும் இல்ல, படுக்கையும் இல்ல. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்லம்மா. சில பிள்ளைங்களுக்கு இந்த வயசுல வரும். ஏன்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

அபி இன்னும் வளர வேண்டிய பெண். அவள் வளரும்போது வளைவும் கூடலாம், கூடாமலும் நிற்கலாம். கூடுகிறதென்று தெரிந்தால் பிரேஸ் போட வேண்டும். அது மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கவசம். வளைவு ஐம்பது டிகிரியை நெருங்கிவிட்டால் ஆபரேஷன் பேச்சு வரும். "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா? எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு வேகமா போகுதுன்னு தெரிஞ்சா முடிவெடுக்கறது சுலபம்" என்றார். எங்களிடம் எதுவும் இல்லை.

அதனால் உன்னைக் கேட்கிறேன். தீபத்துக்கு வரும்போதெல்லாம் அவளுக்குப் பட்டுப் பாவாடை அளவு எடுப்பவள் நீ. முதுகிலோ இடுப்பிலோ ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா?

அடுத்த எக்ஸ்ரே ஜூன் 14. அதுவரை பொறுத்திருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி,
முருகவேல்


திருப்பூர்
05.03.2025

அன்புத் தம்பி முருகுவுக்கு அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். சர்க்கரை கம்மியாகியிருக்கிறது. பேட்டரி மாற்றியும் காது மெஷின் கொர்கொர் என்கிறது. மணிமொழியையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர், செக்கிங் மேஜைக்கு ஆள் போதவில்லை. காலை எட்டரைக்கு நின்றால் இரவு எட்டரைக்குத்தான் உட்கார முடிகிறது. ஒரு நாளைக்கு எண்ணூறு பனியன் என் கையைத் தாண்டிப் போகிறது. ஓரம் கோணலாக இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால்தான் உடனே எழுதவில்லை.

குழந்தைக்கு வலி இருக்கிறதா? அதை நீ எழுதவே இல்லை. டிகிரி எழுதினாய், தேதி எழுதினாய். தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே காங்கேயம் ரோட்டில் ஒருவர் தைலம் போட்டு நீவி விடுகிறார். என்னோடு வேலை செய்கிற ஒருத்தி கழுத்து வலிக்குப் போய் நல்லாகிவிட்டது என்கிறாள். உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, தெரியும். சொல்லி வைத்தேன்.

வேறு என்ன எழுத. இந்த வருஷத் தீபத்துக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டுத்துணி பார்த்து வைத்திருக்கிறேன். அபிக்குப் பிடிக்குமா என்று கேட்டு எழுது.

அக்கா,
கஸ்தூரி


வேங்கிக்கால்
20.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அபிக்கு வலி இல்லை. சொன்னவள் அபியே. மூன்று தடவை மூன்று விதமாகக் கேட்டேன், கடைசித் தடவை "அப்பா, இது என்ன பேட்டியா?" என்றாள். வலப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். மயில்கழுத்து நிறம் பிடிக்குமாம். நாங்கள் மூவரும் நலம்.

போன வாரம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தோடு இரண்டு நாள் போனது. திரும்பி வந்ததும் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு தீபத்தன்றும் மொட்டைமாடியில் மலை தெரிய அபியை நிறுத்திப் படம் எடுப்பேனே, அதில் கடைசி மூன்று வருஷப் படங்களையும் பெரிதாகப் பிரின்ட் போட்டேன். மூன்றிலும் நீ தைத்த பாவாடை கட்டியிருக்கிறாள். மூன்றிலும் பின்னால் கைப்பிடிச் சுவர் தெரிகிறது. இடுப்பு ஒரு பக்கம் ஏறினால் பாவாடை மறுபக்கம் இறங்கித் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரின் கோட்டையும் பாவாடை ஓரத்தையும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 2022-இல் நேர். 2023-இல் நேர். போன டிசம்பரிலும் நேர்.

இருபத்தைந்து வருஷமாக நிருபராக இருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு சாட்சி இல்லாமல் எழுதியதில்லை. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று தோன்றியது. படங்களை டாக்டருக்கு அனுப்பிவிட்டு ஃபோனில் பேசினேன். "மூணு வருஷமா வெளியில வித்தியாசம் தெரியலைன்னா வேகமா ஓடுற வளைவா இருக்காது. ஜூன்லயே பார்த்துக்கலாம்" என்றார்.

அன்றைக்குத்தான் மணிமொழி ஒரு மாதத்துக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினாள். நீயும் கவலைப்படாதே. என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

உன் தம்பி,
முருகவேல்


திருப்பூர்
13.04.2025

தம்பிக்கு,

நாளைக்குச் சித்திரை ஒன்று. மூன்று பேரும் நல்லபடியாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஜூன்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? லீவுதானே விடப்போகிறார்கள், இப்போதே இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் என்ன? படத்தைப் பார்த்து டாக்டர் சொன்னார் என்கிறாய். படத்தில் தெரிவது துணிதானே முருகு, உடம்பு இல்லையே.

இவ்வளவு எழுதுவதற்குள் நான்கு தாள் வீணாகிவிட்டது. கையெழுத்து முன்போல இல்லை.

அக்கா,
கஸ்தூரி


வேங்கிக்கால்
25.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டரின் உதவியாளரிடம் கேட்டேன். அவர் சொன்னது: வளர்கிற பெண்ணுக்கு அடிக்கடி எக்ஸ்ரே எடுக்கக் கூடாது, தகுந்த காரணம் இருந்தால் மட்டும் முன்னாலேயே எடுப்பார்கள். "ஏதாவது புதுசா தெரிஞ்சதா சார்?" என்று கேட்டார். அக்கா பயப்படுகிறாள் என்பதை ஒரு காரணமாகச் சொல்ல முடியவில்லை. புதிதாக ஒன்றுமில்லை என்றேன்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கிரிவலப் பாதையில் தண்ணீர் தெளித்தாலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் போகிறார்கள். உனக்கு அங்கே எப்படி?

அபிக்கு விஷயம் பாதி தெரிந்துவிட்டது. முகாமில் குனிந்ததைப் பார்த்த ஒருத்தி வகுப்பில் "சாஞ்ச கோபுரம்" என்று கூப்பிட்டாளாம். "கோபுரம்னு ஒத்துக்கிட்ட இல்ல, அது போதும்" என்று இவள் சொன்னாளாம். மணிமொழியிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜூன் 14-க்கு இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது.

உன் தம்பி,
முருகவேல்


வேங்கிக்கால்
15.06.2025

அக்கா,

முப்பத்தொன்று. நேற்றைய எக்ஸ்ரே. அதே மருத்துவமனை, அதே டாக்டர். கோடு போட்டு அளந்ததை என்னையும் பார்க்க வைத்தார்.

நான்கு மாதத்தில் எட்டு டிகிரி. வேகமாக ஓடுகிற வளைவு இதுதான் என்றார். பிரேஸ் போட வேண்டும். நாளுக்கு இருபது மணி நேரம், வளர்ச்சி நிற்கும்வரை. இரண்டு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம். பிரேஸ் ஏற்கெனவே வளைந்ததை நேராக்காது, மேலே போகாமல் தடுக்கத்தான் பார்க்கும். அப்படித் தடுத்துவிட்டால் ஆபரேஷன் வேண்டாம். நேற்றே அபியின் உடம்புக்கு அச்சு எடுத்துக்கொண்டார்கள்.

நான் அனுப்பிய படங்களை டாக்டர் மறுபடி திறந்து பார்த்தார். "டிசம்பர்ல இவ்வளவு நேரா இருந்திருக்குன்னா எனக்கே ஆச்சரியமா இருக்கு சார்" என்றார். குறை சொல்லும் தொனி இல்லை. ஆனால் வளைவு ஓடவில்லை என்பதற்குச் சாட்சி கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தானே.

திரும்பி வரும் பஸ்ஸில் அபி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். போளூர் தாண்டியது. அப்புறம், "பிரேஸ் மேல பட்டுப் பாவாடை கட்டலாமாப்பா?" என்றாள். கட்டலாம் என்றேன். நிஜமாகவே கட்டலாமா என்று எனக்குத் தெரியாது.

படம் எப்படி அக்கா தவறாகச் சொல்லும்? எனக்குப் புரியவில்லை.

பிரேஸ் ஜூலை 5-ஆம் தேதி கிடைக்கும்.

முருகவேல்


திருப்பூர்
22.06.2025

முருகு,

படம் தவறாகச் சொல்லவில்லை. பாவாடையை நான்தான் நேராகத் தெரிய வைத்தேன்.

என் அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். மேலே அபி என்று எழுதியிருக்கும். வருஷத்துக்கு இரண்டு அளவு: இடுப்பிலிருந்து வலது, இடுப்பிலிருந்து இடது. 2022-இல் இடப்பக்கம் கால் அங்குலம் குறைத்தேன். 2023-இல் அரை. போன தீபத்துக்கு ஓர் அங்குலம். ஜாக்கெட்டில் இடது தோளுக்கு உள்ளே மெல்லிய பட்டை ஒன்றும் வைத்தேன். அந்தப் பாவாடைகளைத் தரையில் விரித்தால் கோணல். அவள் கட்டினால் நேர்.

முதல் வருஷம் உன் மாடியில்தான், "அத்தை, ஒரு பக்கம் இறங்குது, கோணலா தைச்சிட்டீங்க"ன்னு குழந்தை சொன்னாள். என் தையல் கோணலில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பிரித்து, இடப்பக்கம் கொஞ்சம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். குதித்துக்கொண்டு போனாள். வளரும் பிள்ளை, தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். போன வருஷம் ஓர் அங்குலம் மடிக்கும்போது எனக்கே கை ஓடவில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அபிக்கு இரண்டு வயதில், "லேசா மாறுகண் மாதிரி இருக்கு மணிமொழி"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். கண்ணில் ஒன்றுமில்லை. "எங்க புள்ளைக்குக் குறை தேடத்தான் அவ்ளோ தூரத்துல இருந்து வர்றீங்களா அண்ணி?"ன்னு அவள் கேட்டாள். ஒரு வருஷம் நான் அங்கே வரவில்லை. எனக்கு வருஷத்தில் போக இருக்கிறது உன் ஒரு வீடு. பழியை அவள் மேல் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் நீ நேராகவே கேட்டாய். பதில் எழுதாமல் தைலத்தைப் பற்றி எழுதினேன். மார்ச்சில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன் என்று எழுதினாய். அதற்கப்புறம் இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஏப்ரலில் கிழித்த நான்கு தாளிலும் இதுதான் எழுதியிருந்தது.

தாளை டாக்டரிடம் காட்டு. எனக்குப் பதில் எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுத வேண்டாம்.

கஸ்தூரி


வேங்கிக்கால்
17.08.2025

அன்புள்ள அண்ணிக்கு மணிமொழி எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் நலம். இரண்டு மாதமாக இங்கிருந்து கடிதம் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அவர் எழுதமாட்டார் போலிருக்கிறது, அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் அபி. சென்ற சனிக்கிழமை பிரேஸோடு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்குள் இருக்கும்போது வளைவு பதினேழுதான் வருகிறது. நன்றாகப் பிடிக்கிறது என்று டாக்டர் சொன்னார். கழற்றினால் எவ்வளவு என்பது ஜனவரியில்தான் தெரியும்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் நின்றபடியே படித்தார். "பீரோவைத் திற" என்றார். மூன்று பாவாடைகளையும் எடுத்துக் கூடத்தில் விரித்துப் போட்டு ஸ்கேலோடு உட்கார்ந்தார். நோட்டுத் தாளில் இருந்த அளவு மூன்றும் அப்படியே இருந்தது. அந்த நேரம் பார்த்து அபி பள்ளியிலிருந்து வந்துவிட்டாள்.

"என்னப்பா, என் பாவாடையெல்லாம் தரையில?"

"ஒண்ணுமில்ல. ஒரு செய்தி சரிபார்க்கறேன்."

அவள் குனிந்து மூன்றையும் தொட்டுப் பார்த்தாள். "ஓ... அத்தைக்கு அப்பவே தெரியுமா?" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளிடம் எதையும் மறைப்பதில்லை.

ஜூலை 5-ஆம் தேதி தாளை டாக்டரிடம் காட்டினோம். "இது எக்ஸ்ரே இல்ல. இத மட்டும் வெச்சு நான் பிரேஸ் போட்டிருக்க மாட்டேன். ஆனா அப்பவே பார்த்திருந்தா ஏப்ரல்லயே வரச் சொல்லியிருப்பேன்" என்றார். இவர் அதை அந்தத் தாளின் பின்பக்கமே தேதி போட்டு எழுதிக்கொண்டார். வீட்டில் உங்கள் பெயரை எடுப்பதில்லை. திட்டவும் இல்லை.

கண் விஷயம் எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது அண்ணி. நீங்கள் பத்து வருஷமாக மனசில் வைத்திருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம்வரை அவளுக்கு எண்ணெய் தேய்த்து முதுகு தேய்த்துவிட்டவள் நான். வலது தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு இருந்ததைப் பார்த்தேன். ஒல்லியாக இருக்கிறாள் என்று தினமும் முட்டை கொடுத்தேன். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஓர் உதவி. பிரேஸுக்கு உள்ளே பனியன் போட வேண்டும். பக்கத்தில் தையல் இருந்தால் தோலில் பதிந்து சிவந்து கொப்பளிக்கிறது. தையல் இல்லாத பனியன் இங்கே கிடைக்கவில்லை. திருப்பூரில் கிடைக்குமா? அளவு கீழே எழுதியிருக்கிறேன். வலதும் இடதும் தனித்தனியாக எடுத்தேன்.

உங்கள்
மணிமொழி


வேங்கிக்கால்
28.09.2025

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கீங்க? நான் நலம். பன்னிரண்டு பனியனும் வந்தது. ஒரு தையல்கூட இல்லை. முதுகு இப்போது சிவப்பதில்லை. தேங்க்ஸ்.

பிரேஸ் பற்றி அம்மா எழுதியிருப்பாங்க. அம்மா எழுதாததை நான் எழுதறேன். பென்சில் கீழே விழுந்தால் குனிந்து எடுக்க முடியாது, முட்டி போட்டுத்தான் எடுக்கணும். கூடப் படிக்கிற சினேகா என் வயிற்றில் தட்டித் தாளம் போடுவாள், சத்தம் நல்லா வருது. முதல் பத்து நாள் அழுதேன். இப்போது இல்லை. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கழற்றலாம். அந்த நாலு மணி நேரத்தை எதுக்குச் செலவு பண்றதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்.

அத்தை, உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. கொஞ்சம் இன்னும் இருக்கு. கோணலாத் தைச்சிட்டீங்கன்னு நான் சொன்னப்ப, "என் தையல் சரிதான், உன் இடுப்பு ஏறியிருக்கு, டாக்டர்கிட்ட போ"ன்னு சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் அழுதிருக்க மாட்டேன். அழுதிருந்தாலும் பரவாயில்லை.

இந்தத் தீபத்துக்கு மயில்கழுத்துப் பட்டு எனக்கு வேணும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தைங்க. மடிக்கக் கூடாது. தோளுக்குள்ளே எதுவும் வைக்கக் கூடாது. இறங்கித் தெரிந்தால் தெரியட்டும். அடுத்த வருஷமும் அதையே கட்டி அதே இடத்தில் நின்று பார்க்கணும்.

நீளத்துக்கு மட்டும் மூணு அங்குலம் உள்ளே விட்டுத் தைங்க. நான் வளர்றேன்.

அபிநயா


வேங்கிக்கால்
26.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாவாடை நேற்று மதியம் வந்து சேர்ந்தது. தரையில் விரித்து அளந்தேன். வலது முப்பத்து நாலரை அங்குலம், இடது முப்பத்து நாலரை.

சாயங்காலம் அபி பிரேஸைக் கழற்றிவிட்டுக் கட்டினாள். இடப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் இறங்குகிறது. கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள். மணிமொழி அடுப்படிக்குள் போய்விட்டாள். "அத்தை ஒழுங்கா தைச்சிருக்காங்கப்பா" என்றாள் அபி. நான் டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

நீ நலமா? காது மெஷின் மாற்றினாயா? மணிமொழிக்கு நீ எழுதும் கடிதங்களில் என்னைப் பற்றிக் கேட்பதையெல்லாம் அவள் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் கேட்டதற்கு நீ நான்கு மாதம் கழித்துப் பதில் எழுதினாய். நீ எழுதியதற்கு நான் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். ஜாஸ்தி நான்தான்.

கோபம் இல்லை என்று எழுதினால் உண்மை இல்லை. ஆனால் நோட்டுத் தாளின் பின்பக்கம் டாக்டர் சொன்னதை எழுதினேனே, அதற்குக் கீழே நான் சேர்த்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும்: "ஏப்ரலில் போயிருந்தால் எத்தனை டிகிரி குறைந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அளவு எடுத்தவளை, கேள்விக்குப் பதில் வராதபோது, மறுபடி கேட்காமல் விட்டது முருகவேல்." பதில் வராவிட்டால் வேலையில் மூன்று தடவை கேட்பேன். உன்னிடம் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். படம் எனக்குச் சௌகரியமான பதிலைச் சொன்னது, அதனால் நிறுத்தினேன்.

அதைப் படித்துவிட்டு மணிமொழி முதுகு தேய்த்த கதையைச் சொன்னாள். உனக்கு முன்பே தெரியுமாம்.

கொடியேறி மூன்று நாள் ஆகிறது. ஊர் நிரம்ப ஆரம்பித்துவிட்டது. தீபம் டிசம்பர் 3, புதன்கிழமை. மலையில் தீபம் ஏற்றுவது மாலை ஆறு மணிக்கு. ஐந்து மணிக்கே அபியை மாடியில் அதே சுவர் பக்கம் நிறுத்திப் படம் எடுப்பேன். அந்த ஒரு மணி நேரத்தை அவள் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறாள். அளவு நோட்டைக் கொண்டு வா. கிழித்த தாள் என்னிடம்தான் இருக்கிறது, திரும்ப ஒட்டிவிடலாம். இந்த வருஷ அளவை நீ எடுத்து எழுத வேண்டும் என்கிறாள்.

இனித் தெரிய வேண்டியவை இரண்டு. ஜனவரி 2-ஆம் தேதி காலை பிரேஸைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். 3-ஆம் தேதி சனிக்கிழமை எக்ஸ்ரே. முப்பத்தொன்றிலேயே நின்றிருக்கிறதா என்பது அன்று மதியம் தெரியும்.

மற்றது, நீ எந்த பஸ்ஸில் வருகிறாய் என்பது. கூட்டத்தால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள்; அழைத்து வர நான் வர வேண்டும். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். திங்கட்கிழமைக்குள் அபி ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பு. அவளே படித்துச் சொல்லட்டும்.

உன் தம்பி,
முருகவேல்